பழைய டப்பா, உடைந்த ஜாடி, கிழிந்த துண்டு: வீட்டுச் செடிக்குத் தொட்டி செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாம் மாடி எங்கள் வீடு. படிக்கட்டுத் திருப்பத்திலும் பால்கனியிலும் ஹாலிலுமாக நாற்பது சொச்சம் தொட்டிகள் இருக்கின்றன. அதில் காசு கொடுத்து வாங்கியவை மூன்றே மூன்று. மீதியெல்லாம் ஏதோ ஒரு காலத்தில் ஐஸ்கிரீமோ, பெயிண்ட்டோ, ஊறுகாயோ இருந்தவை. படியேறி வருகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று ஏதாவது கேட்பார்கள். ஆள்தான் மாறுமே தவிர கேள்வி மாறாது. பதினைந்தாவது முறையும் அதே பதிலைச் சொன்ன அன்றுதான் இதை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

“வீட்டுல இருக்கற எதுல வேணும்னாலும் செடி வைக்கலாமா அக்கா?”

கிட்டத்தட்ட எதிலும் வைக்கலாம். மண் நிற்க வேண்டும், தண்ணீர் வெளியேற வேண்டும், வேருக்குக் கெடுதல் செய்கிற பொருளாக இருக்கக் கூடாது. ஐஸ்கிரீம் டப்பா, பெயிண்ட் வாளி, வாய் உடைந்த பிளாஸ்டிக் குடம், பிடி போன குக்கர், மூடி தொலைந்த எண்ணெய்த் தூக்கு எல்லாமே எங்கள் வீட்டில் தொட்டியாக இருக்கின்றன.

பிளாஸ்டிக் சாமானைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். சின்ன முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் வகை. மெல்லிசு, நம் ஊர் வெயிலில் நாளாவட்டத்தில் நொறுங்கும். 2 என்றால் ஷாம்பு பாட்டில், பினாயில் கேன் மாதிரி கொஞ்சம் தடித்தவை. 5 என்றால் ஐஸ்கிரீம் டப்பா, மூடிபோட்ட சமையலறை டப்பா போன்றவை. தொட்டிக்கு 2, 5 இரண்டும் நல்லவை. பூச்சிமருந்து, கரையான் மருந்து, என்ஜின் ஆயில் வந்த கேன்களை மட்டும் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் அவற்றைக் கொஞ்சம் உறிஞ்சி வைத்திருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுக்கப் போகாது.

“அடியில ஓட்டை கண்டிப்பா போடணுமா? பார்க்க நல்லா இருக்காதே?”

கண்டிப்பாகப் போட வேண்டும். நான் முதன்முதலில் செய்தது அழகான கண்ணாடி பாட்டில். சணல் சுற்றி, உள்ளே மண் போட்டு, ஒரு துளசிக் கன்று வைத்தேன். ஓட்டை கிடையாது. பதினைந்தாம் நாள் இலை தொங்கிவிட்டது. தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தபோது வேர் பழுப்பாகி, சாக்கடை வாடை அடித்தது.

வேருக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ காற்றும் அவ்வளவு வேண்டும். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் நிரம்பியே நின்றால் காற்று போக வழியில்லாமல் வேர் மூச்சுத் திணறி அழுகும். மேலே இலை வாடும். தண்ணீர் இல்லாமல் வாடுகிற செடியும் தண்ணீர் மிகுந்து வாடுகிற செடியும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் செடிகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவை இப்படித்தான் போகின்றன.

“ஓட்டை வேண்டாம், அடியில கூழாங்கல் போட்டா போதும்னு வீடியோல சொல்றாங்களே?”

சொல்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். அது உதவாது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு ஒன்றை நன்றாக நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் சொட்டு நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தலாக நிமிர்த்துங்கள். மறுபடியும் தண்ணீர் சொட்டும். உயரம் கூடினால் தண்ணீர் இறங்கும், உயரம் குறைந்தால் உள்ளேயே தங்கும்.

மண்ணும் அப்படித்தான். பொடி மண்ணில் இருக்கும் தண்ணீர் கீழே உள்ள கல்லுக்குள் சட்டென்று இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகே சொட்டும். ஆக, ஈரம் தேங்குகிற பகுதி தொட்டியின் அடியிலிருந்து கல்லுக்கு மேலே ஏறி, வேருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல் போட்டதால் மண்ணுக்கு இருந்த இடமும் குறைந்ததுதான் மிச்சம். ஓட்டை வழியாக மண் கொட்டுகிறது என்றால் பழைய கொசுவலைத் துண்டு ஒன்றை அடியில் விரியுங்கள், போதும்.

“எங்க வீட்டுல ட்ரில் மெஷின் இல்ல. எப்படி ஓட்டை போடறது?”

பிளாஸ்டிக்குக்கு ஒரு பெரிய ஆணியும் குறடும் போதும். ஆணியைக் குறடால் பிடித்து அடுப்புத் தீயில் காய்ச்சி, அடிப்பக்கம் வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். பால்கனியிலோ மொட்டை மாடியிலோ செய்யுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. பி.வி.சி. குழாயை மட்டும் இப்படிச் சுடவே கூடாது. அமில வாயு வரும். அதற்கு எலெக்ட்ரீஷியன் யாராவது வீட்டுக்கு வரும்போது இரண்டு நிமிடம் கெஞ்சி ட்ரில் போட்டுக்கொள்வது என் வழக்கம். சுட்ட ஓட்டையைச் சுற்றி உருகிய பிளாஸ்டிக் மேடு கட்டியிருக்கும். ஆறியதும் பிளேடால் சீவிவிடுங்கள். அந்த மேடு உள்பக்கம் இருந்தால் கரைபோல நின்று தண்ணீரைத் தேக்கும்.

தகர டின்னுக்குச் சூடு வேண்டாம், ஆணியும் சுத்தியலும் போதும். மரக்கட்டை மேல் டின்னை நிமிர்த்தி வைத்து, நீள ஆணியால் உள்ளிருந்து வெளியே அடியுங்கள். கிழிந்த விளிம்பு வெளிப்பக்கம் போய்விடும், தண்ணீரும் தங்காது, மண் மாற்றும்போது விரலையும் கிழிக்காது. சின்ன டப்பாவுக்குப் பென்சில் கனத்தில் மூன்று ஓட்டை, பெயிண்ட் வாளிக்கு ஆறேழு. அடித்தரையோடு ஒட்டி, பக்கச் சுவரிலும் இரண்டு போட்டால் தட்டில் வைக்கும்போது அடைத்துக்கொள்ளாது.

“பாட்டியோட பீங்கான் ஊறுகாய் ஜாடி இருக்கு. அதுல ஓட்டை போட மனசு வரலை.”

போடாதீர்கள். பீங்கானையும் கண்ணாடியையும் துளைக்க வைர முனை பிட் வேண்டும், துளைக்கிற இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியும் கடைசி நொடியில் விரிசல் விடும். பழகாத கைக்கு அது வேலை இல்லை.

செடி ஒரு சாதாரண ஓட்டை டப்பாவில் இருக்கட்டும். அந்த டப்பாவை ஜாடிக்குள் இறக்கி வையுங்கள். உள்ளே இருப்பது செடிக்கு, வெளியே தெரிவது நமக்கு. வெளியே இருப்பதை நான் ‘சட்டை’ என்று சொல்வேன். தண்ணீர் விடும்போது உள் டப்பாவைத் தூக்கிச் சிங்க்கில் வைத்து ஊற்றி, சொட்டு நின்ற பிறகு திரும்ப உள்ளே வைக்கலாம். அவசரத்தில் ஜாடிக்குள்ளேயே ஊற்றிவிட்டால், அரை மணி நேரம் கழித்து அடியில் நிற்பதைக் கொட்டிவிட வேண்டும். வாய் குறுகிய ஜாடியாக இருந்து டப்பா இறங்காவிட்டால் அதில் மண் வேண்டாம். தண்ணீரில் மணி பிளான்ட் விட்டுவிடுங்கள்.

“தண்ணியில வெச்ச மணி பிளான்ட் பாட்டில் பச்சையா பாசி பிடிக்குது. கொசு வேற வருமா?”

வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்தால் பாசி வரத்தான் செய்யும். பாட்டிலுக்குத் துணிச் சட்டை ஒன்று போட்டுவிட்டால் உள்ளே வெளிச்சம் போகாது, பாசியும் அடங்கும். பழைய சாக்ஸின் மேல்பாகத்தை வெட்டி மாட்டினாலே போதும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடச் சாக்ஸ் போட்ட பாட்டில்கள் ஐந்து இருக்கின்றன.

கொசு விஷயத்தில் அலட்சியம் கூடாது. டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடைக்குப் போகாது. இந்த மாதிரி வீட்டுக்குள் நிற்கிற சுத்தமான தண்ணீரைத்தான் தேடி வரும். முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் 8 முதல் 10 நாள் ஆகும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் வாரம் ஒரு நாள் தண்ணீரை மாற்றிவிடுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை. கொட்டினால் மட்டும் போதாது, பாட்டிலின் உள்சுவரைத் தேய்க்கவும் வேண்டும். முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும், ஜாடிக்குள் தேங்கும் தண்ணீருக்கும் இதே கணக்குதான்.

“மண் கலவை என்ன போடணும்?”

செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. நார்த்தூளை இரண்டு தண்ணீர் அலசிவிட்டுச் சேருங்கள், அதில் உப்பு இருக்கும். கற்றாழை, மருள் (ஸ்நேக் பிளான்ட்) வகைகளுக்கு நார்த்தூளுக்குப் பதில் பருமணல்.

“பெயிண்ட் வாளிக்கு எனாமல் அடிச்சேன். ஒரே மாசத்துல தோல் தோலா உரியுது. மட்டமான பெயிண்டா?”

பெயிண்ட் மேல் குற்றமில்லை. ஐஸ்கிரீம் டப்பாவும் பெயிண்ட் வாளியும் செய்யப்படுகிற பிளாஸ்டிக்கின் மேற்பரப்பு மெழுகு மாதிரி. எதுவும் அதில் பிடிக்காது. அதனால்தானே பெயிண்டையே அதில் அடைத்து விற்கிறார்கள்! காய்ந்துபோன பெயிண்ட் வாளியின் உள்சுவரை நகத்தால் நெம்பிப் பாருங்கள், முழுத் தாளாக உரிந்து வரும்.

அடித்தே தீர வேண்டும் என்றால் உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, சோப்பால் கழுவிக் காயவைத்து, பிளாஸ்டிக்குக்கென்று விற்கிற பிரைமர் ஒரு கோட் அடித்து, அதன் மேல் பெயிண்ட் அடிக்க வேண்டும். நான் ஒரு முறை கணக்குப் போட்டேன். பிரைமர், பெயிண்ட், தின்னர், பிரஷ் எல்லாம் சேர்ந்து, புதுத் தொட்டி நாலைந்து வாங்கியிருக்கலாம். ஓசியில் வந்த வாளிக்கு இது அதிகம். அதைவிட, பெயிண்ட் அடித்த பிளாஸ்டிக்கை நாளை காயலான் கடைக்காரர் எடுக்கத் தயங்குவார். சுத்தமான வாளி என்றால் வாங்கிக்கொள்வார். டப்பாவை டப்பாவாகவே விட்டுவிட்டுச் சட்டை மட்டும் போடலாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

“பெயிண்ட் இல்லாம வேற எப்படி அழகு பண்றது?”

சணல் கயிறு எல்லோரும் சுற்றுவது. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் படும் அடிப்பக்கம் கறுத்துப் பூசணம் பிடிக்கும். அடியில் இரண்டு விரல் அகலம் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பசையை டப்பாவில் பூசாமல் கயிற்றின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் ஒட்டினால் பிறகு கழற்றித் துவைக்கலாம்.

எனக்குப் பிடித்தது கிழிந்த பட்டுச் சேலையின் பார்டர். சேலை நைந்துபோன பிறகும் பார்டர் மட்டும் உறுதியாக இருக்கும். டப்பாவின் சுற்றளவுக்கு வெட்டி, இரண்டு முனையிலும் கொக்கி தைத்து, பெல்ட் மாதிரி மாட்டிவிடலாம். என் கல்யாணத்துக்கு வந்த சேலை ஒன்றின் பார்டர் இப்போது ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவின் இடுப்பில் இருக்கிறது, உள்ளே சிங்கோனியம். பழைய ஜீன்ஸ் காலை முழங்காலோடு வெட்டினால் அப்படியே உயரமான டப்பாவுக்கு உறை. முழங்காலுக்கு மேல் உள்ள பாகம் பெயிண்ட் வாளிக்குக்கூடச் சில சமயம் சேரும், ஜீன்ஸ் யாருடையது என்பதைப் பொறுத்து.

“பழைய துண்டுல சிமெண்ட் தொட்டி செய்யலாம்னு சொன்னீங்களே, அதை விவரமா சொல்லுங்க.”

குளிக்கிற டர்க்கித் துண்டு வேண்டும், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. மெல்லிய ஈரிழைத் துண்டு சரிவராது. சிமெண்டைக் கவ்விப் பிடிக்க அந்த நூல் வளையங்கள் வேண்டும். மூட்டையாக வாங்காதீர்கள், ஹார்டுவேர் கடையில் கிலோக் கணக்கில் கேட்டால் தருவார்கள். கைக்கு ரப்பர் கையுறை, மூக்குக்குத் துணி கட்டாயம். சிமெண்ட் தண்ணீர் தோலைப் புண்ணாக்கும். வெறுங்கையோடு செய்து மூன்று நாள் சாம்பார் சாதத்தை ஸ்பூனில் சாப்பிட்டவள் நான்.

சிமெண்டைத் தண்ணீர் விட்டுக் கரையுங்கள். பதம் தோசை மாவு. கரண்டியில் எடுத்து ஊற்றினால் கொழகொழவென்று விழ வேண்டும், நீர்த்து ஓடக் கூடாது. துண்டை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுக் கரைசலில் போட்டு, துணிக்குள் இறங்கும்படி நன்றாகப் பிசையுங்கள். ஒரு வாளியைக் கவிழ்த்து, அதன் மேல் பிளாஸ்டிக் கவர் போர்த்தி, துண்டின் நடுப்பாகம் வாளியின் அடிப்பாகத்தில் வருகிற மாதிரி போடுங்கள். நான்கு முனையும் கீழே மடிந்து மடிந்து தொங்கும். இந்த மடிப்புகளில்தான் அழகே இருக்கிறது. பாவாடை கொசுவம் மாதிரி விரலால் ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். மேலே ஓட்டை வேண்டிய இடத்தில் துணியை வெட்டி, எண்ணெய் தடவிய பேனா மூடியைச் செருகி வையுங்கள்.

நிழலில் ஒரு நாள் முழுக்க விட்டால் விறைத்துவிடும். வாளியை உருவிவிட்டு, உள்ளும் வெளியும் கெட்டியான சிமெண்ட் குழம்பைப் பிரஷ்ஷால் இரண்டு கோட் பூசுங்கள். அப்புறம் ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் தெளிக்க வேண்டும். வீடு கட்டும்போது கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடுகிறார்களே, அதே வேலை. காயவிட்டால் வெடிக்கும். கடைசி நாள், ஸ்ரீரங்கம் மதில் மாதிரி காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்தால் துளசி மாடம் போல நிற்கும். சிமெண்ட் சொரசொரப்பானது, சுண்ணாம்பை நன்றாகக் கவ்வும். பிளாஸ்டிக் மாதிரி முரண்டு பிடிக்காது.

“அதே மாதிரி செஞ்சேன். செடி வெச்சு ரெண்டு வாரத்துல இலையெல்லாம் மஞ்சள்!”

புது சிமெண்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து கசிந்துகொண்டே இருக்கும். அதன் காரத்தன்மை அதிகம், பி.எச். என்கிற அமில-கார அளவில் 12க்கு மேல். மண்ணில் அது இறங்கினால் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. புதுத் துளிரில் நரம்பு மட்டும் பச்சையாகவும் மீதி மஞ்சளாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தொட்டியை ஒரு வாரம் தண்ணீரில் முழுக்க ஊறப்போட்டு, தினமும் தண்ணீரை மாற்றியிருக்க வேண்டும். இப்போது செடியை எடுத்துப் புது மண்ணில் வேறு டப்பாவில் வைத்துக் காப்பாற்றுங்கள், தொட்டியை ஊறப்போடுங்கள். அப்படியும் இட்லிப் பூச் செடிக்குச் சிமெண்ட் தொட்டி ஆகாது. அதற்குக் காரமே பிடிக்காது. மருள், அடீனியம், கற்றாழை கவலைப்படாது.

“உடைஞ்ச கப், டைல்ஸ், வளையல் துண்டெல்லாம் ஒட்டலாமா?”

ஒட்டலாம், அதுவும் சிமெண்ட் தொட்டியின் மேல் என்றால் ஆயுசுக்கும் இருக்கும். டைல்ஸ் ஒட்டுகிற பசை அரை கிலோ வாங்கினால் மூன்று தொட்டிக்கு வரும். இடுக்குகளை வெள்ளை சிமெண்டால் நிரப்பி, அரை மணி நேரத்தில் ஈரத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் கப்பின் பூ டிசைன் மேல் படலமாக உட்கார்ந்துவிடும். கப்பைச் சாக்குக்குள் வைத்து உடையுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். கூர் விளிம்பை உப்புத்தாளில் தேயுங்கள்.

இந்த வேலையில் நமக்கெல்லாம் முன்னோடி நேக் சந்த். சண்டிகரில் சாலைத் துறையில் வேலை பார்த்தவர். 1957 முதல் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் உடைந்த பீங்கான், வளையல், மின்சாரச் சாமான்களை வைத்துச் சிலைகள் செய்து நிறுத்திக்கொண்டே இருந்தார். பல வருடம் கழித்துத்தான் அதிகாரிகள் கண்ணில் பட்டது. இடித்துவிடுவார்கள் என்று பார்த்தால், 1976இல் ‘ராக் கார்டன்’ என்று பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வீட்டில் யாராவது “எதுக்கு இந்தக் குப்பை” என்று கேட்டால் சொல்வதற்கு இந்தக் கதை உதவும்.

“கொட்டாங்குச்சி எத்தனை நாள் தாங்கும்?”

நிழலில், சின்னச் செடியோடு, ஒரு வருடத்துக்கு மேல் ஓடும். பிறகு அடியில் மெத்தென்று ஆகும். அப்படியே உடைத்து உரக் குழியில் போட்டுவிடலாம் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. மூன்று கண் இருக்கிற பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண் மெல்லியது. ஆணியால் குத்தினாலே ஓட்டை தயார். உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பு குடித்தனம் வந்துவிடும். கொள்ளளவு குறைவு, சீக்கிரம் காயும். அதனால் தண்ணீரை எதிர்பார்க்காத செடியாக வையுங்கள்: ஜேட், சின்ன மருள், பத்து மணிப் பூ.

“நவராத்திரிக்கு வெத்தலை பாக்கோட செடி வெச்சுக் கொடுக்கலாம்னு இருக்கேன். எப்ப ஆரம்பிக்கணும்?”

ஆவணி மாதமே. குச்சி நட்டு வேர் பிடிக்க மூன்று நான்கு வாரம் வேண்டும். முந்தின வாரம் நட்டுக் கொடுத்தால் வாங்கிப் போகிறவர் வீட்டில் சாய்ந்துவிடும், பழி உங்கள் மேல் வரும். கொட்டாங்குச்சியில் ஜேட் வையுங்கள், பையில் கவிழாமல் இருக்க பழைய வளையல் ஒன்றை அடியில் பிரிமணையாகக் கொடுங்கள்.

“தகர டின் துருப் பிடிக்குது. பித்தளை, செம்புப் பாத்திரத்துல நேரா வைக்கலாமா?”

துருவால் செடிக்கு ஒன்றும் ஆகாது, அடி விட்டுப்போகும், தரையில் கறை படியும், அவ்வளவுதான். நான் அதைச் சட்டையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

செம்பில் நேராக மண் போடாதீர்கள். செம்பு வேர் நுனியைக் கருக்கும். நாற்றங்கால் தொட்டிகளில் வேர் சுற்றிச் சுற்றி வளராமல் இருக்க உள்பக்கம் செம்புச் சேர்மம் பூசுகிற பழக்கமே உண்டு. பித்தளையிலும் செம்பு இருக்கிறது. அம்மா வீட்டு அண்டாவுக்கு ஊறுகாய் ஜாடிக்குச் சொன்ன வழிதான்.

“பெயிண்ட் வாளியில கீரை போட்டுச் சாப்பிடலாமா?”

சுவருக்கு அடிக்கிற, தண்ணீரில் கரையும் பெயிண்ட் வந்த வாளி என்றால், ஒட்டியிருப்பதை முழுக்க உரித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகு போடலாம். எனாமல், தின்னர் வந்த டின்னில் வேண்டாம். சாப்பிடுகிற செடிக்கு முன்பு சாப்பாடு இருந்த டப்பாவே நல்லது. புதினாவுக்கும் கற்பூரவல்லிக்கும் நான் ஐஸ்கிரீம் டப்பா தவிர வேறு கொடுப்பதில்லை.

இன்னொன்று. பழைய பெயிண்ட் உரிந்துகொண்டிருக்கும் டிரங்குப் பெட்டி, தொட்டில், ஜன்னல் பலகை இவற்றை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தொட்டியாக்குகிறார்கள். அந்தக் காலத்துப் பெயிண்ட்டில் ஈயம் இருந்திருக்கும். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். ஆகவே பழைய சாமானைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், அதிலும் குழந்தை இருக்கிற வீட்டில்.

“மீன் மார்க்கெட்டுல தெர்மகோல் பெட்டி சும்மா தர்றாங்க. பெருசா இருக்கே?”

பெரியது, எடை இல்லை, வெயில் சூடு வேரைத் தொடாது. இந்த மூன்றும் நிஜம். ஆனால் வெயிலில் ஆறு மாதத்தில் மேற்பரப்பு பொடிப்பொடியாக உதிர்ந்து, முற்றம் முழுக்க வெள்ளை மணியாகப் பறக்கும். ஆணியைக் காய்ச்சி ஓட்டை போடவும் கூடாது, புகை நல்லதில்லை, கத்தியால் குடைந்துவிடலாம். ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தால் தெர்மகோலே கரைந்து குழி விழும். எங்கள் எதிர்வீட்டுப் பையன் அடித்துவிட்டு, “ஆன்ட்டி, பெட்டி உருகுது!” என்று ஓடி வந்தான்.

ஒரே நல்ல வழி, சிமெண்டில் முக்கிய துண்டைப் பெட்டி முழுவதும் போர்த்திவிடுவது. மேலே சொன்ன செய்முறையேதான். கல் தொட்டி மாதிரி இருக்கும், இரண்டு பேர் தூக்கிவிடலாம்.

“பால்கனி கம்பியில வரிசையா பாட்டில் தொங்கவிடலாமா?”

தொங்கவிடும் முன் எடையை யோசியுங்கள். தண்ணீர் ஊற்றிய செம்மண் நினைப்பதைவிடக் கனக்கும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று ஈரத்தோடு ஆறு ஏழு கிலோ வரும். தேங்காய்க் கயிறு ஈரத்தில் உளுத்துப்போகும். நைலான் கயிறு வெயிலில் நொறுங்கும், பார்த்தால் தெரியாது, இழுத்தால் அறும். கட்டுக்கம்பிதான் நம்பகமானது. கம்பிக்கு வெளிப்பக்கம் எதையும் தொங்கவிடாதீர்கள், கீழே ஆள் நடக்கிறார்கள்.

அப்புறம், கீழ் வீடு. ஓட்டை போடச் சொன்னேன் அல்லவா, அந்த ஓட்டையிலிருந்து சொட்டும் செம்மண் தண்ணீர் ஒரு நாள் கீழ் வீட்டு மாமி காயவைத்திருந்த வடகத்தின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து கம்பியில் இருப்பவை எல்லாம் சட்டைக்குள் வைத்த டப்பாக்கள் மட்டுமே. மாமிக்கும் இரண்டு தொட்டி செய்து கொடுத்தேன். வடகப் பேச்சு நின்றது.

“இந்தச் செடியெல்லாம் வீட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணுமாமே?”

1989இல் நாசா செய்த ஓர் ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. மூடிய சின்னப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்த சோதனை. 2019இல் இப்படிப்பட்ட ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் வழியாகச் சாதாரணமாக வந்து போகும் காற்று செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவைப்படும் என்றார்கள். நாங்கள் எங்கே படுப்பது? ஜன்னலைத் திறந்து வையுங்கள், செடியைப் பார்க்க நன்றாக இருப்பதற்காக வையுங்கள்.

“இப்படிச் செஞ்சா பிளாஸ்டிக் குப்பை குறையுமா? உண்மையைச் சொல்லுங்க.”

கொஞ்சம் தள்ளிப்போகும், குறையாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் கேரி பேக், கப், உறிஞ்சுகுழல் எதுவும் என் தொட்டியாவதில்லை. நான் பயன்படுத்துவது தடித்த டப்பா. அதை நான் எடுக்காவிட்டாலும் காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். என்னால் மிச்சமாவது அந்த நாற்பது புதுத் தொட்டிதான். தொட்டி செய்வதற்கென்று யாராவது புதிதாகக் கோலா பாட்டில் வாங்கினால் கணக்கு தலைகீழாகிவிடும். பள்ளி ‘கழிவிலிருந்து கலை’ போட்டிக்கு முதல் நாள் அந்த மாதிரி வாங்கிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“வீடே காயலான் கடை மாதிரி ஆயிடுச்சுன்னு மாமியார் சொல்றாங்க. எங்க நிறுத்தறது?”

எங்கள் வீட்டிலும் இது வந்தது. கட்டிலுக்கு அடியில் ஒரே ஓர் அட்டைப்பெட்டி, அதில் அடங்குகிற டப்பா மட்டும் என்று ஒப்பந்தம். நிரம்பிவிட்டால், ஒன்றைத் தொட்டியாக்கினால்தான் இன்னொன்று உள்ளே வரலாம். போன மாதம் மாமியாரே ஒரு பழைய எவர்சில்வர் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வந்தார். “நாலு அடுக்கு, நாலு செடி வரும்” என்றார். ஓட்டை போட வேண்டுமே என்றேன். “அதுக்கு உள்ள உன் ஐஸ்கிரீம் டப்பாவை வையேன், நீதானே எல்லார்கிட்டயும் சொல்றே” என்றார். மேல் அடுக்கில் இப்போது ஸ்பைடர் பிளான்ட் இருக்கிறது. மீதி மூன்று அடுக்கும் அட்டைப்பெட்டியில் காத்திருக்கின்றன.